மூடியை மூடினாலும் லேப்டாப் தூங்கவில்லை, பேருந்தில் பை சுடுகிறது (உபுண்டு லினக்ஸ் 24.04)

குடியாத்தம் டிடிபி:

வணக்கம். தினமும் குடியாத்தத்திலிருந்து வேலூருக்குப் போய் வருகிறேன். பழைய பேருந்து நிலையம் பக்கம் ஒரு டிடிபி கடையில் கல்யாணப் பத்திரிகை, வினாத்தாள் எல்லாம் அடித்துக் கொடுக்கும் வேலை. லேப்டாப் என்னுடையது.

காலையில் 90 சதவீதம் சார்ஜோடு மூடியை மூடிப் பையில் வைக்கிறேன். பேருந்து கே.வி.குப்பம் தாண்டுவதற்குள் மடியில் இருக்கும் பை சுட ஆரம்பித்துவிடுகிறது. காதை வைத்தால் உள்ளே விசிறி ஓடுவது கேட்கிறது. கடையில் போய்த் திறந்தால் நேற்று 58 சதவீதம்தான் இருந்தது. இந்த மே மாத வெயிலில் பேட்டரி உப்பிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. தவணை இன்னும் ஏழு மாதம் பாக்கி.

ஆனால் வீட்டு மேசையில் வைத்து மூடினால் ஒழுங்காகத் தூங்குகிறது. பவர் விளக்கு மெல்ல மெல்ல மின்னுகிறது.

யாரோ சொன்னதைப் பார்த்து, மூடியை மூடினால் என்ன செய்வது என்று சொல்லும் லாகின்டி கான்ஃப் கோப்பில் 'ஹேண்டில் லிட் ஸ்விட்ச் டாக்டு' என்ற வரியை சஸ்பெண்ட் (தூங்கு) என்று மாற்றினேன். பை சுடுவது நிற்கவில்லை. கடையில் பெரிய மானிட்டரை இணைத்து, மூடியை மூடி வைத்துத்தான் வேலை செய்வேன். இப்போது மூடிய உடனே அதுவும் அணைந்துவிடுகிறது.

காட்பாடி ரயிலடி:

முதலில் அந்த மாற்றத்தைத் திருப்பிவிடுங்கள். அந்தக் கோப்பில் மூடிக்கென்று மூன்று வரிகள் உண்டு. ஒன்று பொதுவானது, ஒன்று சார்ஜர் செருகியிருக்கும்போது, மூன்றாவது டாக் (லேப்டாப்பைச் செருகும் இணைப்புப் பெட்டி) அல்லது வெளி மானிட்டர் இருக்கும்போது. மூன்றாவது வரி இயல்பிலேயே 'இக்னோர்' (கண்டுகொள்ளாதே) என்றுதான் இருக்கும். நீங்கள் கடையில் மூடியை மூடிக்கொண்டு வேலை செய்ய முடிந்ததே அதனால்தான். பேருந்தில் மானிட்டர் கிடையாதே, அந்த வரிக்கு அங்கே வேலை இல்லை.

பொதுவான வரியையும் பாருங்கள். முன்னால் ஹேஷ் குறி இருந்தால் அது வெறும் குறிப்பு, இயல்பு மதிப்பான சஸ்பெண்ட்தான் நடப்பில் இருக்கும். மாற்றியபின் ஒருமுறை ரீபூட் செய்துவிடுங்கள்.

சத்துவாச்சாரி:

அம்மா, வீட்டில் தூங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் முக்கியமான தடயம். மூடியின் சென்சார் வேலை செய்கிறது, தூங்கவும் தெரிகிறது. தூங்கவே இல்லையா, தூங்கிய பிறகு எதுவோ எழுப்புகிறதா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் மருந்து வேறு. அது தெரியாமல் வேறு எந்தக் கோப்பையும் தொட வேண்டாம்.

நாளைக் காலை கடைக்குப் போனதும், ரீபூட் செய்யாமல், டெர்மினலில் ஜர்னல்சிடிஎல் கட்டளையைக் கொடுங்கள், லேப்டாப்பின் பதிவேடு வரும். அதில் 'சஸ்பெண்ட் என்ட்ரி' (தூங்கியது), 'சஸ்பெண்ட் எக்ஸிட்' (எழுந்தது) என்ற வரிகளின் நேரத்தை மட்டும் எழுதுங்கள். என்ட்ரி பக்கத்தில் அடைப்புக்குள் 'டீப்' (ஆழ்ந்த தூக்கம்) என்று இருக்கிறதா, 'எஸ்2ஐடில்' (லேசான தூக்கம்) என்று இருக்கிறதா என்பதும் வேண்டும்.

குடியாத்தம் டிடிபி:

பார்த்தேன் அண்ணா. எஸ்2ஐடில் என்றுதான் இருக்கிறது. 7:42க்கு மூடியிருக்கிறேன், உடனே என்ட்ரி. 7:51க்கு எக்ஸிட். அரை நிமிடம் கழித்து மறுபடி என்ட்ரி, அடுத்த நிமிடமே எக்ஸிட். இப்படி 8:40 வரை 31 முறை. பேருந்துக்காக நின்றுகொண்டிருந்த ஒன்பது நிமிடமும் நன்றாகத் தூங்கியிருக்கிறது. ஏறி உட்கார்ந்த பிறகுதான் இந்தக் கூத்து எல்லாம். லத்தேரி பக்கம் சாலை வெட்டிப் போட்டிருக்கும் இடத்தில் வரிசையாக எழுந்திருக்கிறது.

சத்துவாச்சாரி:

அருமையாகப் பார்த்திருக்கிறீர்கள். அந்த அரை நிமிடத்துக்கும் காரணம் உண்டு. விழித்த பிறகு 30 விநாடிக்கு லாகின்டி (மூடியைக் கவனிக்கும் நிரல்) மூடியைக் கண்டுகொள்ளாது. அதன்பின் மூடி மூடியேதான் இருக்கிறது என்று பார்த்துத் திரும்பத் தூங்க வைக்கும். ஆக, உங்கள் அமைப்பில் பிழை இல்லை. குலுங்கும்போது எதுவோ எழுப்புகிறது. யுஎஸ்பியில் என்ன செருகியிருக்கிறீர்கள்?

குடியாத்தம் டிடிபி:

வயர்லெஸ் மௌஸின் ரிசீவர். சின்னதாக இருப்பதால் கழற்றுவதே இல்லை. மௌஸும் அதே பையில்தான், டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில். அடியில் இருக்கும் சுவிட்சை அணைத்ததே கிடையாது!

சத்துவாச்சாரி:

அதேதான். இப்படிப்பட்ட ரிசீவர்களில் பல, 'நான் மௌஸ்' என்பதோடு 'நான் கீபோர்டும்தான்' என்று லினக்ஸிடம் சொல்லிக்கொள்ளும். கீபோர்டு என்றால் எழுப்பும் உரிமையைக் கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) தானாகவே கொடுத்துவிடும். பிறகு டிபன் பாக்ஸ் மௌஸின் பட்டனை அழுத்தினாலும் போதும்.

நாளைக்கு மௌஸ் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு வாருங்கள். அதில் சரியானால் நிரந்தரமாகச் செய்யலாம். எல்எஸ்யுஎஸ்பி கட்டளையில் ரிசீவருக்கு நேராக நான்கு நான்கு எழுத்தாக இரண்டு எண்கள் வரும். அவற்றை வைத்து, ஈடிசிக்குள் இருக்கும் யுடெவ் ரூல்ஸ் கோப்புறையில் ஒரு வரிக் கோப்பு: இந்த எண்ணுள்ள சாதனம் வந்தால் அதன் பவர் கோப்புறையில் உள்ள 'வேக்கப்' மதிப்பை 'டிசேபிள்டு' ஆக்கு என்று. எண்ணை அனுப்புங்கள், வரியை எழுதித் தருகிறேன்.

எவையெல்லாம் லேப்டாப்பை எழுப்பலாம் என்ற ஏசிபிஐ வேக்கப் பட்டியலில் எக்ஸ்எச்சி (யுஎஸ்பி கன்ட்ரோலர்) என்பதையே அணைக்கச் சொல்லிப் பலர் வருவார்கள். அதைச் செய்தால் எந்த யுஎஸ்பி சாதனத்தாலும் எழுப்ப முடியாது, ரீபூட் செய்தால் பழையபடி ஆகிவிடும். ஒரு ரிசீவருக்காக அது வேண்டாம்.

ராணிப்பேட்டை:

இடையில் ஒரு விஷயம், பின்னால் படிப்பவர்களுக்காக. கேடிஈ டெஸ்க்டாப் வைத்திருந்தால் மூடியின் பொறுப்பை அதன் பவர்டெவில் என்ற நிரல் எடுத்துக்கொள்ளும். லாகின்டி கோப்பில் எவ்வளவு மாற்றினாலும் பலன் தெரியாது, சிஸ்டம் செட்டிங்ஸில்தான் மாற்ற வேண்டும். நான் இரண்டு நாள் இதில் மாட்டியிருந்தேன்.

அப்புறம், டீப் தூக்கத்தில் பேட்டரி இன்னும் குறைவாகச் செலவாகும். சிஸ் பவர் கோப்புறையில் 'மெம் ஸ்லீப்' கோப்பைத் திறந்து பாருங்கள். டீப் என்ற சொல்லே அங்கு இல்லையென்றால் உங்கள் மெஷின் அதைத் தரவில்லை, கர்னல் தொடங்கும் வரியில் சேர்த்தும் பயனில்லை. சில திங்க்பேட் லேப்டாப்களில் பயாஸ் அமைப்பில் 'ஸ்லீப் ஸ்டேட்' என்பதை லினக்ஸ் என்று மாற்றினால் வரும்.

குடியாத்தம் டிடிபி:

என்னுடையதில் எஸ்2ஐடில் மட்டும்தான் இருக்கிறது, டீப் இல்லை.

நான்கு நாள் பார்த்துவிட்டு எழுதுகிறேன். மௌஸை அணைத்த முதல் நாளே பை குளிர்ச்சியாக இருந்தது. மறுநாள் அண்ணா கொடுத்த வரியைப் போட்டுவிட்டு, வேண்டுமென்றே மௌஸை அணைக்காமல் எடுத்துப்போனேன். 7:40க்கு ஒரு என்ட்ரி, கடையில் திறந்தபோது ஒரு எக்ஸிட், நடுவில் ஒன்றுமே இல்லை. 91 சதவீதம் வைத்தேன், 90 இருந்தது. டாக்டு வரியைத் திருப்பியதால் மானிட்டரும் பழையபடி வேலை செய்கிறது.

தூங்கும்போது மௌஸை ஆட்டினால் இப்போது எழுவதில்லை, மூடியைத் திறக்க வேண்டும். அது பரவாயில்லை. ஒரே கேள்வி, உபுண்டு அப்டேட் வந்தால் அந்தக் கோப்பு போய்விடுமா?

சத்துவாச்சாரி:

போகாது அம்மா. ஈடிசி கோப்புறைக்குள் நீங்களே உருவாக்கிய கோப்பு, அப்டேட் அதைத் தொடாது. மௌஸை மாற்றினால் மட்டும் புது ரிசீவரின் எண்ணை அதில் மாற்றிவிடுங்கள்.