ஆயா வீட்டுப் புள்ளைங்க (சத்துவாச்சாரி குடும்பக் குழு)

நான் 9:12
போட்டோ 📷
சோலோ முடிஞ்சிது!!! ஸ்பெயின் வானத்துல ப்ளேன்ல தனியா ஒரு ரவுண்டு, பக்கத்து சீட்ல யாருமே இல்ல

ஆம்பூர் சித்தி 9:13
ஐயோ கண்ணு 😭😭 தலைல ஏன் தண்ணி ஊத்திகீறாங்க?

நான் 9:13
முதல் சோலோ முடிச்சா ஊத்துவாங்க சித்தி, வழக்கம்

அப்பா 9:14
👍

அம்மா 9:14
சாப்ட்டியா

லாட்ஜ் பெரியப்பா 9:16
சபாஷ் பாப்பா. தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, மரம் இல்லாத மலை, ப்ளேன் வராத ஏர்போர்ட்டுனு இருக்கிற வேலூர்லருந்து ஒரு பைலட்டு

நான் 9:17
இன்னும் பைலட் இல்ல பெரியப்பா. 200 மணி நேரம் ஓட்டணும். அப்பறம் நம்ம ஊருக்கு வந்து டிஜிசிஏ (நம்ம நாட்டு விமானத் துறை) பேப்பர் எழுதி லைசென்ஸ மாத்தணும். வண்டி இப்பதான் ஸ்டார்ட் ஆகிருக்கு

அண்ணன் 9:19
ஆயா பக்கத்துல உக்காந்துகினு கேக்குது, அது சொல்றத அப்டியே டைப் பண்றேன்: "பாஷை தெரியாத ஊர்ல வானத்துல யார்கிட்ட வழி கேப்ப?"

நான் 9:21
ஹாஹா. ஆயா, ஏர்போர்ட் டவர்லருந்து வழி சொல்றவங்க இங்கிலீஷ் பேசுவாங்க. வெளிநாட்டு பைலட்டுங்ககிட்ட அதான். பைலட்டோட இங்கிலீஷுக்கு 6 படி வச்சிருக்காங்க, வெளிநாட்டுக்கு ஓட்டணும்னா 4வது படியாவது ஏறியிருக்கணும்

நான் 9:22
அதுவும் நாம பேசற இங்கிலீஷ் இல்ல. 3ஐ ட்ரீனு சொல்லணும், 5ஐ ஃபைஃப், 9ஐ நைனர். இரைச்சல்ல 5ம் 9ம் ஒரே மாதிரி கேக்கும்ல, அதுக்குத்தான்

அண்ணன் 9:23
ஆயா: "வானத்துல போயி ஏன் நைனாவ கூப்புடுது? நைனா இங்கதான கீறாரு"

அப்பா 9:23
😄

ஆம்பூர் சித்தி 9:25
அப்ப ஸ்பானிஷே வேணாமா? கடை கண்ணிக்கு?

நான் 9:28
வீட்டுக்காரம்மாவுக்கு ஒரு வார்த்த இங்கிலீஷ் தெரியாது சித்தி. கை ஜாடைதான். சோத்துக்கு மட்டும் பேர் ஈசி, அரிசிய அரோஸ்னு சொல்றாங்க. ஆனா கடைய விட வானத்துலதான் அந்த பாஷை வேணும்னு போன மாசம் புரிஞ்சிது. அம்மா திட்டாதனா சொல்றேன்

அம்மா 9:28
சொல்லு

நான் 9:35
இந்த ஏர்போர்ட் பேரு குவாத்ரோ வியெந்தோஸ். நாலு காத்துனு அர்த்தம். மாட்ரிட்லயே இருக்கு, 1911லருந்து ஓடுது. டவர் எங்ககிட்ட இங்கிலீஷ்ல பேசும், உள்ளூர் பைலட்டுங்ககிட்ட ஸ்பானிஷ்ல. ரெண்டும் ஒரே அலைவரிசைல. மத்தவங்க பேசறத வச்சிதான் யார் எங்க கீறாங்கனு மனசுல ஒரு படம் வரையணும். எனக்கு பாதி படம் காலி.
அன்னிக்கு ஓடுபாதைக்கு பக்கவாட்டுல, காத்து வால் பக்கம் இருக்க போய்கினு இருந்தேன். டவர் யார்கிட்டயோ ஸ்பானிஷ்ல கடகடனு ஏதோ சொன்னாரு. அடுத்து எனக்கு: நீ நம்பர் டூ, எறங்கற செஸ்னாவ (குட்டி ப்ளேன்) பாத்து அதுக்குப் பின்னாடி வா. செஸ்னா என் கண்ணுல படவே இல்ல. வாய் "ரோஜர்"னு சொல்லிடுச்சி

காட்பாடி மாமா 9:36
தப்பு

நான் 9:38
ஆமா மாமா. பக்கத்துல இருந்த இன்ஸ்ட்ரக்டர் சட்டுனு மைக்க வாங்கி "டிராஃபிக் தெரியல"னு சொன்னாரு, அந்த ப்ளேன் கண்ணுல படலனு அர்த்தம். டவர் செஸ்னா இருக்கற எடத்த சொன்னப்பறம்தான் பாத்தேன். எறங்குனதும் நல்லா வாங்குனேன். ரோஜர்னா சரினு அர்த்தமே இல்லயாம், நீ சொன்னது காதுல விழுந்துதுனு மட்டும்தான். புரியலனா "சே அகெய்ன்", முடியாதுனா "அனேபிள்". வெக்கப்பட்டுகினு ரோஜர் சொல்றவன் சீக்கிரம் சாவான்னாரு

அம்மா 9:38
வாய கழுவ சொல்லு அவர

அண்ணன் 9:43
அவர் சொன்னது நிஜம்மா. 2000 மே 25, பாரிஸ்ல சார்ல் த கோல் ஏர்போர்ட். ராத்திரி. ஒரு பெரிய ஜெட்டுக்கு பிரெஞ்ச்ல டேக் ஆஃப் அனுமதி. ஒரு சின்ன சரக்கு விமானத்துக்கு இங்கிலீஷ்ல, நீ அடுத்தது, ஓடுபாதைல வந்து நில்லுனு. அது பாதி வழில இருந்த குறுக்குப் பாதைலருந்து உள்ள வந்துச்சி. பிரெஞ்ச் தெரிஞ்சிருந்தா ஜெட்டு கெளம்பறது காதுல விழுந்திருக்கும். ஜெட்டோட றெக்கை காக்பிட்ட கிழிச்சிது, கோ பைலட் போய்ட்டாரு

அம்மா 9:44
இத இப்ப போடணுமாடா நீ

அப்பா 9:44
டேய்

காட்பாடி மாமா 9:52
பயப்படாத அக்கா. புள்ள கத்துகினு வருது. எங்க ரயில்வேல இதுக்குத்தான் பிரைவேட் நம்பர். கேட்ட மூடிட்டேன்னு கேட்மேன் போன்ல சொன்னா ஸ்டேஷன்ல இருக்கற நாங்க நம்ப மாட்டோம். தன் தாள்ல இருக்கற நம்பர சொல்லணும். நாங்க அத திருப்பி சொல்லி, நேரத்தோட எழுதி வச்சிட்டுதான் சிக்னல் குடுப்போம். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன், ரயில அனுப்பலாம்னு லைன் க்ளியர் குடுக்கறதுலயும் அதான். ஒருத்தன் தூக்கத்துல "சரி சரி"ன்னா? அதனாலதான் சரிங்கற வார்த்தைக்கு எங்ககிட்ட மதிப்பே இல்ல. 34 வருஷம் இதத்தான் பண்ணேன்

நான் 9:53
அதேதான் மாமா! இங்க ரீட்பேக்னு பேரு. எந்த ஓடுபாதை, எவ்ளோ உயரம், எல்லாத்தையும் திருப்பி சொல்லணும்

லாட்ஜ் பெரியப்பா 9:56
ஸ்பானிஷ் எவ்ளோ தேறுச்சி? சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வர்ற கல்கத்தாகாரங்களால நான் மூணே மாசத்துல பெங்காலி பேசுனேன். கொத்தோன்னா எவ்ளோ, ஜோல்னா தண்ணி, பாத்னா சோறு. லாட்ஜ் நடத்த அது போதும். நம்ம பூக்காரம்மா என்ன விட நல்லா பேசும்

நான் 9:59
அதே கணக்குதான் பெரியப்பா. கதை பேச வேணாம், ஒரு அம்பது வார்த்தை காதுல விழுந்தா போதும். நம்பரு, இடது வலது, பினால்னா எறங்க நேரா வர்றான். வியெந்தோ என் கோலான்னா காத்து வால்ல. பிஸ்தான்னா ஓடுபாதை 😂
ஆனா நான் பேசறது இங்கிலீஷ் மட்டும்தான். அரைகுறை ஸ்பானிஷ்ல வாய் தொறக்கக்கூடாதுனு உத்தரவு

ஆம்பூர் சித்தி 10:00
பிஸ்தா மேல எறங்கறியா 🤣🤣

நான் 10:02
இன்னிக்கி தனியா போறப்ப பினால்ல ஒருத்தன் கீறான்னு ஸ்பானிஷ்ல கேட்டுது. டவர் எனக்கு சொல்றதுக்குள்ள நானே தேடி பாத்துட்டேன். இத சொல்லத்தான் வந்தேன், நீங்க எங்கெங்கயோ போய்ட்டீங்க

அண்ணன் 10:03
ஆயா அழுவுது. சும்மா சந்தோஷத்துலதான்

அம்மா 10:05
நாளைக்கும் பறக்கறியா? காலைல சாப்ட்டு போ. தண்ணி பாட்டில் எடுத்துக்க. எறங்குனதும் போன் பண்ணு

நான் 10:05
ரோஜர்

அம்மா 10:06
ரோஜர்லாம் வேணாம். திருப்பி சொல்லு

நான் 10:06
காலைல சாப்ட்டு போறேன், தண்ணி பாட்டில் எடுத்துக்கறேன்

அம்மா 10:06
போன்?

நான் 10:07
எறங்குனதும் போன்

காட்பாடி மாமா 10:07
பிரைவேட் நம்பர்?

நான் 10:08
47

காட்பாடி மாமா 10:08
47. மணி 22:08. எழுதிக்கினேன்