பெரியப்பா பார்த்துச் சொன்ன பவர் பத்திரம்

*குழு: தாத்தா வீடு*

கவிதா: எல்லோருக்கும் வணக்கம். ஊர் நிலத்தை விற்கப் பெரியப்பா பேருக்கு நான் தர வேண்டிய பவர் பத்திரம் (எனக்குப் பதிலாக அவர் கையெழுத்துப் போட அதிகாரம் தருவது) தயார். இணையத்தில் கிடைத்த மாதிரியை வைத்து இங்கிலீஷில் எழுதினேன். பிடிஎஃப் போட்டிருக்கிறேன். பெரியப்பா ஒரு தடவை பாருங்கள்.

ராஜி அத்தை: 🌹 இனிய காலை வணக்கம் 🌹

ராஜி அத்தை: கவிதா, பிளாட் விற்கிறோம் என்று போட்டிருக்கிறாயே. அடுக்குமாடியில் எப்போது வாங்கினாய்? சொல்லவே இல்லை.

ரமேஷ்: அம்மா, அது வீட்டு ஃபிளாட் இல்லை. மனைக்கும் பிளாட் என்றுதான் சொல்வார்கள். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலத் தெரிகிறது. பேப்பர் விளம்பரத்தில் விலையைப் பார்த்துத்தான் எது எது என்று நானே கண்டுபிடிக்கிறேன்.

செந்தில்: கவிதா, முதல் பக்கத்தில் பிளாட், இரண்டாம் பக்கத்தில் சைட், கடைசியில் பிளாக். ஒரே நிலத்துக்கு மூன்று பெயரா?

கவிதா: ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் போட்டால் நன்றாக இருக்காதே அண்ணா, அதனால்தான். பிளாக் என்பது இங்கே மெல்பர்னில் எல்லோரும் சொல்வது. வீடு கட்ட இடம் வாங்கினால் "பிளாக் வாங்கிவிட்டோம்" என்பார்கள். அமெரிக்காவில் அதையே லாட் என்கிறார்கள்.

செந்தில்: இங்கே பெங்களூரில் சைட். 30க்கு 40 சைட் என்றால் கடைக்காரர்வரை எல்லோருக்கும் புரியும்.

ரமேஷ்: 1200 சதுர அடி. சென்னைக் கணக்கில் அரை கிரவுண்ட்.

பெரியப்பா: பத்திரத்தைப் படித்துவிட்டேன். கவிதா, கட்டுரை எழுதினால்தான் சொல்லை மாற்றி மாற்றிப் போட வேண்டும். பத்திரத்தில் ஒரு பொருளுக்கு முதல் வரியில் என்ன பெயர் வைத்தாயோ அதுவே கடைசி வரிவரை வர வேண்டும். பெயர் மாறினால், வேறு சொத்தையும் சேர்த்து எழுதியிருக்கிறார்களோ என்று படிக்கிறவர் நினைப்பார்.

பெரியப்பா: இன்னொன்று. நம்முடையது நஞ்சை. இப்போதும் நெல் விளைகிறது. அதைப் பிளாட் என்று எழுதக் கூடாது. நம் பக்கம் பிளாட் என்றால் லே அவுட் போட்டுப் பிரித்த மனை. பதிவு அலுவலகத்தில் முதலில் கேட்பது அங்கீகாரம் எங்கே, மனை எண் என்ன என்றுதான். பதிவுக்காக அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பும் வேறு. மனைக்குச் சதுர அடிக் கணக்கு, விவசாய நிலத்துக்கு ஏக்கர் கணக்கு.

ரமேஷ்: ஆமாம் மாமா. அனுமதி இல்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று 2016ல் ஐகோர்ட் உத்தரவு வந்தபோது எங்கள் ஆபீஸில் பாதிப் பேர் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். அப்புறம் அந்த மனைகளை முறைப்படுத்த 2017ல் வரன்முறை விதிகள் வந்த பிறகுதான் மூச்சு விட்டார்கள்.

கவிதா: ஐயோ, நான் சும்மா அகராதி பார்த்துப் போட்டேன். சரி, சைட்?

பெரியப்பா: அது ஒன்றைக் கட்டுவதற்கான இடம். நெல் வயலுக்கு ஒட்டாது. பிளாக் அதைவிட மோசம். நகர நில அளவையில் வார்டு, பிளாக், டி.எஸ். (டவுன் சர்வே) நம்பர் என்று வரிசை இருக்கிறது. அங்கே ஒரு பிளாக்குக்குள் பல புல எண்கள் அடங்கும். நீ எழுதியதை அந்தக் கண்ணால் படித்தால் ஒரு தெருவையே விற்கிறாய்!

ராஜி அத்தை: 😂😂

கவிதா: அகராதியில் இன்னும் இருக்கிறது பெரியப்பா. பார்சல், டிராக்ட், ஹோல்டிங், எஸ்டேட்.

ராஜி அத்தை: நிலத்தைப் பார்சல் கட்டுகிறார்களா? சாம்பார், சட்னி தனியாகவா?

பெரியப்பா: சிரிக்காதே ராஜி. அந்தப் பட்டியலில் சர்வேக்காரனுக்குப் பிடித்த சொல் அதுதான். ஒரே எல்லைக்குள் அடங்கிய துண்டு, வயலாக இருந்தாலும் மனையாக இருந்தாலும் பார்சல்தான். மத்திய அரசு ஒவ்வொரு நிலத் துண்டுக்கும் 14 இலக்க அடையாள எண் கொடுக்கிறதே, பூ ஆதார் என்கிறார்கள், அதன் இங்கிலீஷ் பெயரிலும் பார்சல்தான் இருக்கிறது.

பெரியப்பா: டிராக்ட் என்றால் பரந்த நிலப்பரப்பு. ஒரு ஏக்கர்கூட வராத நம் 3 மா வயலுக்கு அது ரொம்பப் பெரிய சட்டை. ஹோல்டிங் என்பது ஒரு துண்டே இல்லை, ஒருவர் கையில் இருக்கிற துண்டுகள் எல்லாம் சேர்ந்தது. எஸ்டேட் என்றால் உங்களுக்கு வால்பாறை ஞாபகம் வரும். 1948ல் சென்னை மாகாணத்தில் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் போட்டார்களே, அது ஜமீனையும் இனாம் கிராமங்களையும் எடுத்து, நிலக்காரர் நேரே அரசுக்கு வரி கட்டும் ரயத்துவாரி முறைக்குக் கொண்டுவந்த சட்டம். தேயிலைத் தோட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

செந்தில்: அப்பா ரிட்டயர் ஆகவில்லை என்று அம்மா சொல்வது சரிதான்.

கவிதா: பெரியப்பா, அளவு விஷயத்திலும் ஒரு சந்தேகம். தாத்தா காலத்துப் பத்திரத்தில் 3 மா. பட்டாவில் 0.40.00 ஹெக்டேர். நான் தோராயமாக 1 ஏக்கர் என்று போட்டுவிட்டேன்.

பெரியப்பா: தோராயம் கூடாது. கணக்கைப் பார். 1 குழி 144 சதுர அடி. 100 குழி 1 மா. 20 மா 1 வேலி. அப்படியானால் 3 மா 43,200 சதுர அடி. ஏக்கர் 43,560. பட்டாவில் இருப்பது 40 ஏர், அதாவது 4000 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 43,056 சதுர அடி. செண்டில் சொன்னால் 98.84.

ரமேஷ்: 43,200ல் 43,056 போனால் 144. சரியாக ஒரு குழி!

ராஜி அத்தை: அண்ணா, அந்த ஒரு குழியைப் பக்கத்து வயல்காரர் வெட்டிக்கொண்டாரா?

பெரியப்பா: யாரும் வெட்டவில்லை. அலகு மாறும்போது இவ்வளவு வித்தியாசம் வருவது சகஜம். வரப்புச் சண்டையை வாட்ஸ்அப்பில் ஆரம்பிக்காதே. பட்டாவில் என்ன இருக்கிறதோ அதை ஹெக்டேர், ஏரில் எழுதி, பக்கத்தில் செண்டும் போடு. பழைய பத்திரத்தின் 3 மாவைத் தாய்ப்பத்திர விவரத்தில் குறிப்பிட்டால் போதும்.

செந்தில்: செண்ட் மட்டும் எங்கிருந்து வந்தது அப்பா? இங்கே அந்தப் பேச்சே இல்லை. ஏக்கருக்கு 40 குண்டா, அவ்வளவுதான்.

பெரியப்பா: ஏக்கரில் நூறில் ஒரு பங்கு. 435.6 சதுர அடி. கன்டர் என்ற இங்கிலாந்துக்காரர் 17ஆம் நூற்றாண்டில் ஒரு சங்கிலி செய்தார். 66 அடி நீளம், 100 கண்ணி. பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். ஆயிரம் சதுரக் கண்ணி ஒரு செண்ட். அடியில் பார்த்தால் கரடுமுரடான எண், சங்கிலியில் பார்த்தால் முழு எண். வயலில் நின்று வாய்க்கணக்குப் போட அதுதான் சுலபம்.

கவிதா: சரி, திருத்திவிட்டேன். சொத்து விவரத்தை இப்படி எழுதலாமா? மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு எண், பட்டா எண், நஞ்சை 0.40.00 ஹெக்டேர் (98.84 செண்ட்), நான்கு எல்லை. முதலில் ஒரு தடவை விவசாய நிலம் என்று சொல்லிவிட்டு, பிறகு எல்லா இடத்திலும் "மேற்படி சொத்து" என்பதற்கு உண்டான ஒரே இங்கிலீஷ் சொல்.

பெரியப்பா: ரொம்பச் சரி. இரண்டு சேர். பழைய சர்வே எண்ணையும் போடு, வில்லங்கம் பார்க்கிறவர் அதிலும் தேடுவார். வாய்க்கால் பாசன உரிமையையும், மாமூல் வண்டிப்பாதையையும் தமிழ்ப் பத்திரத்தில் உள்ளபடி மறக்காமல் எழுது. வாங்குகிறவர் பக்கத்து வயல்காரர் என்றாலும் நாளைக்கு அவர் வேறு ஒருவருக்கு விற்கலாம். எல்லையில் "தெற்கே முருகையன் நிலம்" என்று இருக்கிறதே, அது அந்தக் காலம். இப்போதைய பெயரைச் செந்தில் கேட்டு அனுப்புவான்.

செந்தில்: சனிக்கிழமை ஊருக்குப் போகிறேன். புலப்படத்தையும் கையில் எடுத்துப் போய்ப் பார்த்துவிட்டுப் போடுகிறேன்.

கவிதா: அது வந்ததும் தூதரகத்தில் கையெழுத்துப் போட நேரம் வாங்குகிறேன்.

ரமேஷ்: கவிதா, அசலை கூரியரில் அனுப்பும்போது தேதியைக் குறித்து வை. இந்தியாவுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும்.

கவிதா: சரி அத்தான். மூன்றாவது பக்கத்தில் ஒரு சைட் இன்னும் ஒளிந்திருக்கிறது, அதையும் எடுத்துவிட்டு மறுபடி அனுப்புகிறேன்.