6 வருஷம் சும்மா கிடந்த ஹொட் டப்: சூடாக்கப் போனால் பிரேக்கர் விழுது

கேள்வி: டெக்மூலை (ஸ்காபரோ, கனடா)
வீட்டோடை சேந்து வந்த வெந்நீர்க் குளியல் டப். 2007 மொடல், 1,400 லீற்றர், 240 வோல்ட், 5.5 கிலோவாட் ஹீற்றர். தண்ணியை இறைச்சு விட்டிருக்கினம், பைப்புகளை ஊதினவையோ தெரியாது. இப்ப நிரப்பி ஓன் பண்ணினால் சின்னச் சுற்றோட்டப் பம்ப் ஓடுது. பெரிய ஜெட் பம்ப் உறுமுது, சுத்தேல்லை. ஹீற்றர் பிடிச்ச 3, 4 செக்கனிலை ஜி.எஃப்.சி.ஐ. பிரேக்கர் (கரண்ட் கசிஞ்சால் நிப்பாட்டிறது) விழுது. அடியிலை ஒரு மூலை ஈரம். ஜெட்டுக்குள்ளை விரல் விட்டால் கறுப்பாய், சளி மாதிரி வருது. சாதாரண 50 அம்ப் பிரேக்கர் மாத்திப் போட்டால் ஓடுமோ?

பச்சைவயர்
ஓடும். அதுதான் பிரச்சினை. இந்தப் பிரேக்கர் 5 மில்லி அம்ப் அளவு கசிஞ்சாலே விழும். சாதாரணப் பிரேக்கருக்கு அந்தக் கசிவு தெரியாது, தண்ணிக்குள்ளை இருக்கிற ஆளுக்குத்தான் தெரியும். மாத்தாதேங்கோ.

மெயின் பனலிலை ஓஃப் பண்ணி, டப்பின்ரை டேர்மினலிலை மீற்றர் வைச்சு கரண்ட் இல்லையெண்டு உறுதிப்படுத்துங்கோ. ஹீற்றருக்குப் போற ரெண்டு இணைப்பையும் படம் எடுத்திட்டுக் கழட்டுங்கோ. ரெண்டு முனைக்கும் இடையிலை 10.5 ஓம் அளவு வரவேணும். முனைக்கும் ஸ்டீல் உறைக்கும் இடையிலை மீற்றர் தொடர்பு ஒண்டுமே காட்டக்கூடாது. பிறகு கழட்டின முனைகளை இன்சுலேட் பண்ணி, ஹீற்றர் இல்லாமல் ஓன் பண்ணுங்கோ. அப்பவும் விழுந்தால் ஓசோனேற்றர் (தண்ணிக்கு ஓசோன் விடுற கருவி), பிறகு பம்ப் எண்டு ஒவ்வொண்டாய்க் கழட்டிப் பாருங்கோ. எல்லாம் கழட்டியும் உடனே விழுந்தால் நியூட்ரலைப் பாருங்கோ: டப்பிலையிருந்து வாற வெள்ளை வயர் பிரேக்கரின்ரை சொந்த ஸ்குரூவுக்குப் போகவேணும், பனலிலை இருக்கிற நியூட்ரல் பாருக்கு (வெள்ளை வயர்கள் சேருற உலோகப் பட்டை) அல்ல. பாருக்குப் போறது பிரேக்கரோடை வந்த சுருள் வயர் மட்டும்.

ஜெட் பம்பை உறும விடாதேங்கோ, வைண்டிங் எரிஞ்சிடும். கரண்டை ஓஃப் பண்ணி, மோட்டரின்ரை பின்மூடியைக் கழட்டி ஷாஃப்ற்றைக் கையாலை திருப்பிப் பாருங்கோ. லேசாய்ச் சுத்தினால் பெரும்பாலும் மோட்டரைத் தொடக்கிவிடுற கப்பாசிற்றர் போயிருக்கும்: சார்ஜை இறக்கிப்போட்டு அதே மைக்ரோஃபரட்டிலை புதுசு. இறுகிக் கிடந்தால் ஷாஃப்ற் சீல் ஒட்டியிருக்கலாம். பலவந்தமாய்த் திருப்பினால் சுத்தும், பிறகு பம்புக்கும் மோட்டருக்கும் நடுவாலை சொட்டும். புதுச் சீலையும் சேத்தே வாங்குங்கோ.

நீர்மட்டம்
ஈரத்தைப் பத்தி. பைப்பை ஊதாம விட்டிருந்தா பனிக்காலத்துல உறைஞ்சு வெடிச்சிருக்கும். பம்ப்பின் வடிகால் மூடி, யூனியன் (கையால கழட்டுற பைப் இணைப்பு), ஹீட்டர் குழாயின் ரெண்டு முனை, இதையெல்லாம் முதல்ல பாருங்க. கரண்ட் இல்லாம நீர்மட்டத்துல ஒரு டேப் ஒட்டி 24 மணி நேரம் விடுங்க. எந்த உயரத்துல இறங்கி நிக்குதோ, ஓட்டை அந்த உயரத்துல. யூனியன்ல ஓ-ரிங் மாத்தி சிலிக்கான் கிரீஸ் தடவுங்க, வாசலின் ரப்பரைக் கெடுத்துடும். விரிஞ்ச பி.வி.சி.க்கு மேல சிலிக்கான் பூசுறது வீண்வேலை, வெட்டி இணைப்பு வைக்கணும்.

இன்னொண்ணு, யாரும் கேக்காதது: அடியில இருக்கிற உறிஞ்சு வாய் மூடிகள். வெயிலிலயும் குளோரின்லயும் பிளாஸ்டிக் நொறுங்கிடும். 2002-ல அமெரிக்காவுல வர்ஜீனியா கிரேம் பேக்கர்ங்கிற 7 வயசுச் சிறுமி ஹாட் டப்பின் உறிஞ்சலில் சிக்கி இறந்தாள். 2007-ல அவள் பேரிலேயே சட்டம் வந்துச்சு. மூடியில விரிசலோ, ஸ்குரூ குறைவோ இருந்தா யாரும் உள்ள இறங்கக்கூடாது.

டெக்மூலை
ஹீற்றர் கழட்டினால் பிரேக்கர் விழேல்லை. 10.8 ஓம். உறைக்கு 9 கிலோ ஓம்.

பச்சைவயர்
எலிமெண்ட் முடிஞ்சுது. 240 வோல்ட் லைனிலை ஒவ்வொரு வயருக்கும் நிலத்துக்கும் இடையிலை 120 வோல்ட்; அதை 9,000-ஆலை பிரிச்சால் 13 மில்லி அம்ப், விழத்தான் செய்யும். அதே கிலோவாட், அதே நீளக் குழாயோடை முழுசாய் மாத்துங்கோ, கேஸ்கெட்டும் புதுசு. வயரிங்கிலை கை வைக்கிறதெண்டால் ஒன்ராறியோவிலை ஈ.எஸ்.ஏ.க்கு (மின்சாரப் பாதுகாப்பு அமைப்பு) அறிவிச்சுத்தான் செய்யவேணும்.

நீர்மட்டம்
அந்தக் கறுப்புச் சளி பாக்டீரியாப் படலம். லெஜியோனெல்லா, சூடோமோனாஸ்ங்கிற ரெண்டு நோய்க்கிருமிக்கும் அது பிடிச்ச இடம், லெஜியோனெல்லா ஆவியோட நுரையீரலுக்குப் போகும். பம்ப் சரியானதும் குழாய் கழுவும் திரவம் ஊத்தி, லேபிள்ல சொன்ன நேரம் ஓட்டி, வடிங்க. பழைய ஃபில்டரைத் தூக்கிப் போடுங்க. மறுபடி ஃபில்டர் குழி வழியா நிரப்புங்க, பம்ப்ல காத்து அடைக்காது. 56 சதவீத டைகுளோர் (குளோரின் தூள்) 50 கிராம் போட்டா 1,400 லிட்டருக்கு குளோரின் 20 பி.பி.எம். (பத்து லட்சத்துல 20 பங்கு). ஹீட்டர் ஓஃப், மூடி திறந்து, 10 மணி நேரம் அந்த அளவு குறையாம பம்ப் ஓடட்டும். குளோரின் அளக்கிற பல ஸ்ட்ரிப்புகள் 10-க்கு மேல காட்டாது: ஒரு பங்கு டப் தண்ணிக்கு மூணு பங்கு காய்ச்சி வடிச்ச தண்ணி கலந்து, வந்ததை 4-ஆல பெருக்குங்க. அப்புறம் வடிச்சு, புது ஃபில்டர். குளிக்கும்போது குளோரின் 3-க்குக் குறையாம, பி.எச். 7.2 முதல் 7.8, சூடு 40 டிகிரிக்கு மேல வேண்டாம். டிரைகுளோர் மாத்திரை வேண்டவே வேண்டாம், அக்ரிலிக்கை அரிக்கும்.

டப்பின் மேல்மூடி கனத்தா, உள்ள இருக்கிற ஃபோம் தண்ணி குடிச்சிருக்கு. காயாது, மாத்துங்க.

டெக்மூலை
புது ஜெட் பம்ப் வர ரெண்டு கிழமையாம். இரவிலை -5 எண்டு சொல்லுது. தண்ணி இருக்கட்டுமோ?

பச்சைவயர்
வேண்டாம். இண்டைக்கே இறைச்சு, யூனியன்களைத் தளர்த்தி, ஷொப் வாக்கை (தண்ணியும் உறிஞ்சிற வக்கூம்) ஊதிற பக்கம் மாத்தி ஒவ்வொரு ஜெட்டாலையும் ஊதுங்கோ. பம்பின்ரை அடி மூடியைக் கழட்டிச் சட்டைப்பைக்குள்ளை போட்டு வையுங்கோ, துலைஞ்சிடும்.