மறு: லீப் நாள், லீப் மாதம் – இரண்டுக்கும் பொருந்த ஒரு சொல்

குழுமத்தாருக்கு வணக்கம்.

நாள்காட்டி ஆப்பின் தமிழாக்கத்தில் சில வரிகள் மட்டும் இன்னும் காலியாகவே கிடக்கின்றன. எல்லாவற்றிலும் அதே 'லீப்'தான் இடறுகிறது. இந்த இழையில் இதுவரை வந்தவை: பாய்ச்சல், நெட்டாண்டு, இடைச்செருகல், அதிகம், கொசுறு. கடைசியைச் சொன்னவர் காசிமேட்டில் மீன் வாங்குகிறவராகத்தான் இருக்க வேண்டும்.

> நெட்டாண்டு ஏற்கெனவே புழங்குகிறது. அதையே நீட்டிக்கொண்டால் என்ன?

ஆண்டுக்குச் சரி, ஐயா. 366 நாள் இருந்தால் அது நெடிய ஆண்டுதான். ஆனால் நெட்டு மாதம் என்றால் எனக்கு 32 நாள் வரும் ஆனிதான் நினைவுக்கு வருகிறது. லீப் மாதத்தில் மாதம் நீள்வதில்லை. ஆண்டுக்குள் முழுசாக இன்னொரு மாதம் வந்து உட்காருகிறது. இடைச்செருகல் என்றாலோ, ஏட்டில் யாரோ கள்ளத்தனமாக நுழைத்த பாட்டு. அந்தக் கெட்ட பெயர் இதற்கு வேண்டாம்.

தண்டையார்பேட்டையில் எங்கள் கீழ்வீட்டு அக்கா தெலுங்கு பேசுகிறவர். 2023 ஜூலையில் ஸ்ராவணம் பிறந்தும் நோன்புக்கு எதுவும் வாங்காமல் இருந்தார். கேட்டால், "இது அதிக ஸ்ராவணம்ப்பா, நிஜம் ஆகஸ்ட்லதான் வரும்" என்றார். அவர்கள் மாதம் நிலவை வைத்து ஓடுவது. பன்னிரண்டு நிலவு மாதத்துக்கு 354 நாள்தான். சூரியனோ ஏறக்குறைய 365¼ நாள் கேட்கிறது. ஆண்டுக்குச் சுமார் 11 நாள் பாக்கி. மூன்று ஆண்டு நெருங்குவதற்குள் அது ஒரு மாதமாகிவிடும், அதைக் கட்டியாக வேண்டும். 19 ஆண்டுக்கு 7 மாதம் என்பது கணக்கு. யூதர்கள் அந்த ஏழையும் அதார் மாதத்தை இரண்டாக்கிக் கட்டுகிறார்கள். சீனர்களுக்கு ஒரே மாதம் என்றில்லை. 2023-இல் இரண்டாம் மாதத்தையும் 2025-இல் ஆறாம் மாதத்தையும் இரட்டித்தார்கள். தெலுங்கில் கூடுதல் மாதம் முன்னால் வரும், சீனத்தில் பின்னால் வரும். ஆப்பில் வரிசை போடும்போது இதைக் கவனிக்க வேண்டும்.

தமிழில் ஏன் இதற்கு ஒரு சொல் இல்லை என்று ஒருவர் வருத்தப்பட்டிருந்தார். வருத்தப்பட ஒன்றுமில்லை. சூரியன் ஒரு ராசியைக் கடக்கும் காலமே நமக்கு மாதம். அது மெதுவாக நகரும் ஆனியில் 32 நாள்கூட வரும், வேகமாக நகரும் மார்கழியில் 29 நாளிலும் முடிந்துவிடும். ஆண்டுக்கு 365-ஆ 366-ஆ என்பதும் தானாகவே விழுந்துவிடும். யாரும் கையால் ஒரு நாளைச் சேர்ப்பதில்லை. செய்யாத வேலைக்குச் சொல் எதற்கு? மலமாதம் என்று ஒன்று நம் பஞ்சாங்கத்தில் உண்டு. ஒரே மாதத்தில் இரண்டு அமாவாசை வந்தால் அப்படிச் சொல்லிக் கல்யாணம் வைக்காமல் விடுவார்கள், ஆனால் மாத எண்ணிக்கை கூடுவதில்லை. (அந்தச் சொல்லைத் திரையில் கொட்டை எழுத்தில் போட எனக்கு மனமும் இல்லை.)

பாக்கியைக் கட்டாமலே விடுகிறவர்களும் உண்டு. மண்ணடியில் நான் வழக்கமாகப் போகும் ஹார்டுவேர் கடையில் ஒரு தினசரி காலண்டர் தொங்குகிறது. அதே தாளில் ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, ஓரமாகச் சின்ன எழுத்தில் ஹிஜ்ரி (நிலவை மட்டும் வைத்து ஓடும் இஸ்லாமிய) தேதி. பிறை தெரியவில்லை என்று அறிவிப்பு வந்தால் பாய் பென்சிலால் ஹிஜ்ரி எண்ணை அடித்து ஒன்று குறைத்து எழுதுவார்; மாதம் முடியும்வரை தினமும் அந்தத் திருத்தம் நடக்கும். அங்கே 11 நாளை யாரும் ஈடுகட்டுவதில்லை. அதனால் ரமலான் எல்லாப் பருவத்தையும் சுற்றி வருகிறது. 1986-இல் மே மாத வெயிலில் பாய் முதல் நோன்பு பிடித்தாராம்; 33 ஆண்டு கழித்து 2019-இல் மறுபடியும் மே வெயில்.

'ஈடுகட்டுவதில்லை' என்று எழுதியபோதுதான் சொல் தட்டுப்பட்டது. ஈடு. ஈடுநாள், ஈடுமாதம், ஈடுநொடி. பிப்ரவரி 29-உம் இதில் அடங்கும். ஈடுநொடி (பூமியின் சுழற்சியோடு கடிகாரம் ஒத்துப்போகச் சேர்க்கும் லீப் செகண்டு) 1972-இலிருந்து 27 முறை சேர்ந்திருக்கிறது, கடைசியாக 2016 டிசம்பர் 31 அன்று. 2035-க்குள் அந்தப் பழக்கத்தை விட்டுவிடுவதாக 2022-இல் எடை-அளவுகளுக்கான உலக மாநாட்டில் முடிவெடுத்திருக்கிறார்கள். நாம் சொல் கண்டுபிடிப்பதற்குள் பொருளே போய்விடும் போல.

'மிகுநாள்' என்று இன்னொரு சொல்லை வேறு இடத்துக்கு வைத்துக்கொள்ளலாம். எத்தியோப்பியாவில் 30 நாளில் பன்னிரண்டு மாதம், அதற்கு மேல் 5 நாளில் பதின்மூன்றாவதாக ஒரு குட்டி மாதம். அந்த ஐந்தும் ஆண்டுதோறும் மிஞ்சுவது, மிகுநாள். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஆறாவதாக வருவது மட்டும் ஈடுநாள். மத்திய அமெரிக்காவின் மாயர்கள் 20 நாளில் 18 மாதம் வைத்தது போக நின்ற 5 நாளும் மிகுநாளே.

அன்புடன்,
தண்டையார்பேட்டையிலிருந்து

——

அண்ணா, கருத்து பிடித்திருக்கிறது, சொல்தான் இடிக்கிறது. பெரம்பூரில் எங்கள் வீட்டில் ஈடு என்றால் இட்லிதான். "ரெண்டாவது ஈடு வெந்துடுச்சா?" அதுகூடப் பரவாயில்லை. வீடு வீட்டுவேலை ஆவது போல, ஈடு ஈட்டுநாள் ஆக வேண்டாமா? அப்படி எழுதினால் அரசு ஊழியர்கள் ஈட்டிய விடுப்பு என்று நினைத்துக்கொள்வார்கள்.

——

தம்பி, நல்லா மாட்டிவிட்டாய். ஆனால் விடையையும் நீயே கையில் கொடுத்துவிட்டாய். அலுவலகத்தில் ஈட்டிய விடுப்புக்குப் பக்கத்திலேயே 'ஈடுசெய் விடுப்பு' இருக்கிறதே. ஞாயிற்றுக்கிழமை வேலை பார்த்தால் பிறகு ஒரு நாள் தருவார்கள், அதுதான். விட்டுப்போன நாளைப் பின்னால் சேர்த்துக் கொடுப்பது, நம் கணக்கும் அதேதான். வினைத்தொகை என்பதால் புணர்ச்சித் தகராறும் இல்லை, இட்லியும் இல்லை.

ஆக, ஈடுசெய் நாள், ஈடுசெய் மாதம், ஈடுசெய் நொடி. 'அதிக ஸ்ராவணம்' அந்த மாதத்தின் சொந்தப் பெயர் என்பதால் அப்படியே இருக்கட்டும். மொபைல் திரையில் 'ஈடுசெய் ஆறாம் மாதம்' ஒரு வரியில் அடங்குகிறதா என்று மட்டும் யாராவது பார்த்துச் சொல்லுங்கள். என் போனில் 'மாதம்' கீழே இறங்கிவிடுகிறது.