புதுப்பிப்பு: பென்டிரைவ் அன்மவுண்ட் ஆகாத சிக்கல் தீர்ந்தது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. லினக்ஸில் பென்டிரைவை அன்மவுண்ட் செய்ய (கழற்றும் முன் கணினியிலிருந்து பாதுகாப்பாக விடுவிக்க) முயன்றபோது, கோப்பு மேலாளரை மூடிய பிறகும் "டார்கெட் இஸ் பிஸி" (டிரைவ் பயன்பாட்டில் உள்ளது) என்ற பிழைச்செய்தியே வந்துகொண்டிருந்ததே, அது சரியாகிவிட்டது. கைகொடுத்தது டிரைவை எந்த நிரல்கள் பயன்படுத்துகின்றன என்று காட்டும் ஃப்யூசர் கட்டளையை -விஎம் சேர்த்து ஓட்டச் சொன்ன பதில்தான்: படங்களுக்குச் சிறுபடம் தயாரிக்கும் பின்னணி நிரல் ஒன்று டிரைவைப் பிடித்துவைத்திருந்தது, அதை நிறுத்தியதும் உடனே அன்மவுண்ட் ஆனது. அன்மவுண்ட் செய்யும் யுமவுண்ட் கட்டளையை -எல் சேர்த்து ஓட்டும் யோசனையை நான் எடுக்கவில்லை. அதில் டிரைவ் பார்வையிலிருந்து மறைந்தாலும் பின்னால் எழுதுவது தொடரலாம்.

எதிர்பாராத ஒன்று: பெரிய கோப்பை நகலெடுத்த பின் யுமவுண்ட் வெகுநேரம் அசையாமல் நின்றது. பயப்பட வேண்டாம், நகல் முடிந்ததாகக் காட்டினாலும் தரவில் ஒரு பகுதி இன்னும் ரேமில்தான் இருக்கும், அதை டிரைவில் எழுதி முடிக்கத்தான் அந்தக் காத்திருப்பு. நினைவக நிலவரம் காட்டும் மெம்இன்ஃபோ கோப்பில் 'டர்ட்டி' (இன்னும் எழுதப்படாத தரவு) என்ற வரியில் எண் இறங்கிக்கொண்டே வருவதைப் பார்க்கலாம். ப்ராம்ப்ட் (அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும் குறி) திரும்பி வரும்வரை தயவுசெய்து கழற்றாதீர்கள்.