விடுமுறையில் வயலின் சாதகம்: கேரள எல்லையோரத்து அனுபவங்கள்

பொள்ளாச்சியிலிருந்து ஒரு வயலின் ஆசிரியை:

விடுமுறைக்கு வெளியூர் செல்லும்போது வயலினை எடுத்துச் செல்லலாமா, வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாமா என்று என்னிடம் கற்கும் பிள்ளைகளின் பெற்றோர் அடிக்கடி கேட்கிறார்கள். எடுத்துச் செல்லுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் வீட்டில் செய்யும் அதே சாதகத்தை, அதாவது வாசிப்புப் பயிற்சியை, அங்கேயும் செய்ய முயல வேண்டாம். போன ஊரின் காற்று வாத்தியத்தை என்ன செய்கிறது என்று கவனிப்பதையே அந்த நாட்களின் பாடமாக வைத்துக்கொள்ளலாம். இதை நான் உணர்ந்தது பாலக்காடு மாவட்டத்துக் கொல்லங்கோட்டில், இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழை தொடங்கியிருந்த நேரத்தில்.

கோவிந்தாபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டியதுமே காற்றில் ஈரம் ஏறிவிட்டது. நெல்லியாம்பதி மலைச்சரிவில் சீதார்குண்டு அருவி தெரியும்படியான, வயலோரத்து ஓட்டு வீடு ஒன்றில் தங்கினோம். மறுநாள் விடியற்காலையில் பெட்டியைத் திறந்தபோது வில்லின் மயிர் நீண்டு தளர்ந்திருந்தது. தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் பிருடைகள் துளைக்குள் இறுகிக்கொண்டு திரும்ப மறுத்தன. தந்திகள் விரற்பலகையிலிருந்து முன்னைவிட எழும்பி நின்றன. மரம் ஈரத்தை உறிஞ்சி விரிவதுதான் இதற்கெல்லாம் காரணம். மேற்பலகை சற்றுப் புடைத்தால் அதன்மேல் நின்று தந்திகளைத் தாங்கும் மரத் துண்டான குதிரையும் உயர்கிறது, குதிரை உயர்ந்தால் தந்தியும் உயர்கிறது, தந்தி உயர்ந்தால் இடக்கை விரல்கள் கூடுதலாக அழுத்த வேண்டியிருக்கிறது. அந்த நிலையில் வர்ணம் என்னும் பயிற்சி உருப்படியைத் துரித காலத்தில் வாசித்தால் விரல் நோவதோடு, ஸ்வரங்களை அசைத்து வாசிக்கும் கமகமும் கெடும்.

ஆகவே வர்ணத்தை ஒதுக்கிவிட்டு, மாயாமாளவகௌளை ராகத்தில் தொடக்கப் பாடமான சரளி வரிசையை மெதுவான முதல் காலத்தில், ஒரு ஸ்வரத்துக்கு ஒரு முழு வில்லாக, அடியிலிருந்து நுனி வரை இழுத்து வாசித்தேன். ஓட்டின்மேல் மழை வலுக்கும்போது சுருதிப் பெட்டியின் ஒலி அமுங்கிவிடும். அப்போது கை தானாகவே வில்லை அழுத்தத் தொடங்குவதையும், அழுத்தியதும் நாதம் கரகரப்பதையும் அங்கேதான் தெளிவாகக் கண்டேன். மழையோடு போட்டியிடாமல், மழை ஓய்ந்திருக்கும் விடியற்பொழுதையே சாதகத்துக்கு வைத்துக்கொண்டேன். குறைந்த நேரமே வாசித்தாலும், வில்லின் எடையைக் கை உணரும் விதம் அந்த விடுமுறையில் மாறியது என்று உறுதியாகச் சொல்வேன்.

வீட்டுக்கார அம்மாள் பாலக்காட்டுத் தமிழ் பேசுபவர். "டீச்சர், அப்பளமெல்லாம் அடுப்புக்கு மேலே பரண்ல வச்சா ஈரம் தங்காது, உங்க பெட்டியையும் அங்கே வச்சுக்கோங்கோ" என்று அன்போடு சொன்னார். வயலினின் பாகங்களை ஒட்டுவது பெரும்பாலும் விலங்குத் தோலிலிருந்து எடுக்கும் பசைதான் என்பதையும், சூடும் ஈரமும் சேர்ந்தால் அது இளகி விளிம்பு பிரியும் என்பதையும் அவருக்கு விளக்கினேன். உடனே, தாம் சேர்த்து வைத்திருந்த சிறு சிலிக்கா ஜெல் பொட்டலங்களைக் கொண்டுவந்து கொடுத்தார். அவற்றைப் பெட்டிக்குள் போட்டு, வாசித்து முடித்ததும் வில்லைத் தளர்த்தி, உள்சுவர் ஓரமாக வைத்தேன். வெயிலில் நிறுத்திய காருக்குள் மட்டும் எக்காரணம் கொண்டும் வயலினை விடாதீர்கள். அங்கே வில்லின் மயிரில் தேய்க்கும் பிசினான ரோசின்கூட உருகி வழியும்.

நாகர்கோவிலிலிருந்து ஒரு மாணவரின் தந்தை:

நாங்கள் நவராத்திரி விடுமுறையில் திருவனந்தபுரம் சென்றோம். பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி தேவி எழுந்தருளிச் செல்லும் ஊர்வலத்தை எங்கள் பக்கத்தில் எல்லோரும் அறிவார்கள். அங்கே நவராத்திரி மண்டபக் கச்சேரிகளில் ஒவ்வொரு நாளுக்கும் உரிய, திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் இயற்றிய கிருதியே முக்கிய உருப்படி. கேட்பவர்கள் கை தட்டுவதில்லை. அந்த அமைதியில் பாடகரின் ஆலாபனையை வயலின் எப்படி ஒரு நூல் பின்தங்கித் தொடர்கிறது என்பதை என் மகன் முதல்முறையாகக் கூர்ந்து கேட்டான். தங்கும் விடுதியில் பக்கத்து அறைக்கு இடைஞ்சல் ஆகக் கூடாது என்பதற்காகக் குதிரையின்மேல் ஒலியைக் குறைக்கும் ரப்பர் மியூட்டை மாட்டிக்கொண்டு, கேட்டதில் நினைவில் நின்ற சிறு பிடிகளை (ராகத்தின் சிறு ஸ்வரக் கோவைகளை) மட்டும் வாசித்துப் பார்த்தான். விடுமுறையில் இதைவிடச் சிறந்த சாதகம் இருக்க முடியாது என்பது என் எண்ணம். தஞ்சை நால்வர் எனப்படும் இசை, நாட்டியக் கலைஞர்களான சகோதரர்களில் ஒருவரான வடிவேலுவுக்குச் சுவாதித் திருநாள் 1834இல் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்த வரலாற்றை அவனுக்குச் சொன்னதும் இந்தப் பயணத்தில்தான்.

பாலக்காட்டை ஒட்டிய கல்பாத்தியிலிருந்து ஒரு பாட்டி:

ஆசிரியை சொன்னதற்கு நேர் எதிரானது எங்கள் ஊரின் மார்கழி, தை மாதக் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து வறண்ட காற்று நாள் முழுவதும் வீசும். சென்னையிலிருந்து விடுமுறைக்கு வந்த என் பேத்தி சுருதி சேர்த்து முடிப்பதற்குள் பிருடை வழுக்கிச் சுருதி இறங்கிவிடும். மரம் சுருங்கித் துளைக்குள் பிடிப்பு இல்லாமல் போவதே காரணம். பிருடையில் சிறிது சுண்ணக்கட்டித் தூள் தடவி, உள்ளே அழுத்தியபடி திருகினால் நிற்கிறது. வில்லின் மயிரும் வறண்ட காற்றில் குறுகும். ஆகவே முறுக்கிய நிலையில் வில்லை விட்டுவைத்தால் குச்சியே வளையக்கூடும்.

என் பேத்தி திண்ணையில் தோடி ராகம் வாசித்துக்கொண்டிருந்தபோது, எதிர்வீட்டுப் பெரியவர் ஒருவர் வந்து, "குழந்தே, காந்தாரம் அப்படி நேரா நிக்கப்படாது, அசையணும்" என்று அந்த ராகத்தின் 'க' ஸ்வரத்தைப் பற்றிச் சொல்லித் தாமே பாடிக் காட்டினார். பாட்டுக் கேட்டே வளர்ந்த தெரு இது. ஜன்னலை மூடிக்கொண்டு வாசித்திருந்தால் அவளுக்கு இது கிடைத்திராது. ஆகவே அக்கிரகாரத்தில் தங்கும் பிள்ளைகள் கூச்சப்படாமல் திண்ணையில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். வெயில் ஏறுவதற்கு முன் முடித்துக்கொண்டால் வாத்தியத்துக்கும் நல்லது.

ஊர் திரும்பிய பிறகு ஒன்றைக் கவனியுங்கள். சென்னையின் ஈரக் காற்றுக்குள் போனதும் பெட்டியைத் திறக்காமல் சில மணி நேரம் அப்படியே விட்டுவைத்து, பிறகு தந்திகளை ஒவ்வொன்றாகச் சிறிது சிறிதாகச் சுருதி ஏற்ற வேண்டும். இங்கே இறுக்கிவிட்ட பிருடை அங்கே ஈரத்தில் பருத்துச் சிக்கிக்கொள்ளும் என்பதால், கிளம்பும் நாளில் தந்திகளை அரை ஸ்வரம் தளர்த்தி அனுப்புவது எங்கள் வீட்டு வழக்கம்.