மூன்றாம் முடிச்சில் கையோடு வந்த பூஜடை

பிச்சிப்பூ:
மூணாவது முடிச்சு போட நாத்தனார் பொண்ணோட பின்னலைத் தூக்கினாங்க, மொட்டு தைச்சுப் பின்னல் மேல கட்டியிருந்த பூஜடை மொத்தமா கையோட வந்துடுச்சு. கெட்டிமேளம் ஓயலை, யாரும் கவனிக்கலை. பொண்ணு மட்டும் கையைப் பின்னால கொண்டுபோய்த் தடவித் தடவிப் பார்த்தா. அந்தக் கை இன்னும் கண்ணுக்குள்ளயே இருக்கு.

ஜடையைத் திருப்பிப் பார்த்தா அட்டை. 27 அங்குலத்துக்கு ஒரே துண்டு. ராத்திரி முழுக்க மொட்டோட ஈரத்தைக் குடிச்சு ஊறி, கொண்டை ஊசி குத்தின ஓட்டை கிழிஞ்சு போயிருக்கு. கட்டும் ரெண்டே இடம்தான், உச்சியில ஒண்ணு, நுனியில ஒண்ணு. காஞ்ச வாழைப்பட்டையில தைச்சிருந்தா இப்படி ஆகியிருக்காது. மேல 4 விரல், கீழ 2 விரல் அகலம். ஒரு ஜாண் துண்டு மூணை அரை விரல் இடைவெளி விட்டு நூலால இணைக்கணும். அப்பதான் மணையில உட்காரும்போது நுனி தரையில முட்டினாலும் ஜடை மடியும், உச்சியை நெம்பாது. குஞ்சலத்தைத் தனியா கட்டிக்கலாம்.

வாழைநார்:
பழியை அட்டை மேல போடாதீங்க. பட்டை கிடைக்காத ஊர்ல அட்டைக்கு பிளாஸ்டிக் கவர் சுத்தித் தைக்கிறாங்க, ஊறுறதே இல்லை. தப்பு கட்டுலதான். அன்னிக்குக் காலையில ஷாம்பு போட்ட முடி வழுக்கும், அதுல ஊசி நிக்காது. தலைக்கு முதல் நாளே குளிச்சிடணும், சவுரி வச்சு இறுக்கிப் பின்னணும். நூலைப் பின்னலைச் சுத்திக் கட்டினா பாரத்துல வழுகி இறங்கிடும். ஊசியில கருப்பு நூலை ரெட்டையா கோத்து, பின்னலோட ஒரு காலுக்குள்ள விட்டு எடுத்து, ஜடைக்குப் பின்பக்கம் முடிச்சுப் போடணும். 5 இடத்துல போடணும், அதுல 2 முடிச்சு உச்சியிலேருந்து 4 விரலுக்குள்ள இருக்கணும், பாரம் அங்கதான் இழுக்கும். தாலி கட்டுற நேரத்துல தோழி ஒருத்தி பின்னலை அடியிலேருந்து உள்ளங்கையில ஏந்திக்கிட்டா நாத்தனார் ஜடையைத் தொடவே வேண்டாம்.

கதம்பம்:
கட்டு பத்தியே பேசறீங்க, பூ மொட்டுகளையும் கொஞ்சம் பாருங்க. ஒரு ஜடைக்கு மல்லிகை அரை கிலோ வாங்கணும். சிறுசு, பழுப்பு, வாய் திறந்தது எல்லாம் கழிச்சா 300 கிராம் தேறும். விடிகாலையில பறிச்ச மொட்டு அன்னிக்கு ராத்திரி 7, 8 மணிக்கு விரிஞ்சிடும். 6 மணி முகூர்த்தத்துக்கு முதல் நாள் தைச்சு சும்மா வச்சா, விடியறப்ப வரிசை கலைஞ்சு அட்டை பல்லிளிக்கும். மத்தியானத்துக்குள்ள தைச்சு முடிச்சு, தெர்மாகோல் பெட்டியில அடியில ஐஸ், அது மேல தடிமனான துண்டு, மேல வாழை இலை, இலை மேல ஜடையைப் படுக்க வச்சு மூடணும். ஐஸ் நேரா பட்ட மொட்டு முதல்ல கண்ணாடி மாதிரி ஆகும், அப்புறம் கருகும். தண்ணி தெளிக்கவே தெளிக்காதீங்க. நூலுக்கும் மொட்டுக்கும் நடுவுல நிக்கிற சொட்டுதான் காலையில பழுப்புக் கோடா தெரியுது.

ஊசி காம்புலதான் ஏறணும். வெள்ளையில ஏறினா ஒரு மணி நேரத்துல அந்த மொட்டு சிவந்துடும். நுனியிலேருந்து ஆரம்பிச்சு மேல ஏறணும். ஓடு வேயற மாதிரி, அடுத்த வரிசை கீழ் வரிசையோட காம்பை மூடும். நடுவுல ரெண்டு பக்கக் காம்பும் சேர்ற இடத்தைக் கனகாம்பரம் மறைக்கும். அதுக்கு மணமில்லை, ஆனா பாரமும் இல்லை, சீக்கிரம் வாடாது. பன்னீர் ரோஜா வைக்காதீங்க, மாலை மாத்துறப்பவே இதழ் கொட்டிடும். பட்டன் ரோஜா நிக்கும். அரளி வேண்டவே வேண்டாம், அதோட பால் கழுத்துல பட்டா அரிக்கும்.

தோவாளைக்காரி:
தை மாசத்துல அரை கிலோவுக்கு எங்க போறது? பனிக்கு மல்லி விளைச்சல் படுத்துடும், முகூர்த்த நாள்ல கிலோ ஆயிரக்கணக்குல போகும். மதுரை மல்லிக்கு 2013ல புவிசார் குறியீடு கிடைச்சதுக்கு அந்தத் தடிச்ச இதழும் ஒரு காரணம், தைக்க அதுதான் உயர்த்தி, மறுக்கலை. கிடைக்காத மாசத்துல அடி வரிசையெல்லாம் நந்தியாவட்டை மொட்டுல நிரப்பி, கண்ணுக்குத் தெரியற மேல் வரிசையை மட்டும் மல்லியில முடிக்கலாம். நந்தியாவட்டைக் காம்புல பால் வரும், நறுக்கினதும் தண்ணியில அலசித் துணியில உலர்த்திட்டுத்தான் தைக்கணும். மணத்துக்கு மரிக்கொழுந்து ரெண்டு கொத்து போதும்.

அப்புறம் தோழிங்களுக்கும் பூஜடை கேக்கறாங்க, அதைத் தவிர்க்கணும். அவங்களுக்குக் கொண்டையில சரம் சுத்தினா போதும். 6 அங்குல அகலக் கொண்டைக்கு ஒரு சுத்துக்கு ஏறக்குறைய ஒரு முழம், ஆளுக்கு 2 முழம். 6 பேருக்கு 12 முழம். நெருக்கிக் கட்டின சரமா கேளுங்க. முழம் கடைக்காரர் கையைப் பொறுத்து மாறும், 18 அங்குலம்னு சொல்லி வாங்குங்க. கொண்டைக்கு வலை போட்டு, ஊசியைச் சரத்து நூல்ல குத்தி வலையில மாட்டணும். பூவுல குத்தினா கருகிடும்.

பிச்சிப்பூ:
வாழைநார், நீங்க சொன்ன மாதிரி அட்டைக்கு பிளாஸ்டிக் சுத்தினா பூவுக்கு அடியில வேர்த்து ஈரம் அங்கயே நிக்குமே? அதனாலதான் பட்டைன்னு சொன்னேன். காஞ்ச பட்டை முறியுதுன்னு விடாதீங்க. 10 நிமிஷம் தண்ணியில போட்டு, துடைச்சு, ஒரு பலகைக்கு அடியில ஒரு மணி நேரம் வையுங்க. வளையும், ஊசியும் சுலபமா இறங்கும்.